ஒரே கூரையில் இரண்டு சாவிகள்

ஜூன் 3, செவ்வாய்

நந்தகோபால் அண்ணா இன்று ஆபீசுக்கு ஷூ போட்டுக்கொண்டு வந்தார். ஏழு வருடமாகச் செருப்பிலேயே கம்பெனி நடத்தும் மனிதர் ஷூ போட்டால் ஒன்று வருமான வரிக்காரர் வருகிறார், இல்லையென்றால் பெரிய டெண்டர். டெண்டர்தான்.

சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் புதிதாக பிளாக்செயின் தொடங்குகிறது. அதன் பெட்டகத்தைக் காவல் காக்க ஆள் தேடுகிறார்கள். கடைசிச் சுற்றில் இரண்டே பேர். ஒன்று பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய கம்பெனி. இன்னொன்று சரவணம்பட்டியில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் எங்கள் தாழ்ப்பாள் லேப்ஸ். வெளிநாட்டுக்காரர் வாயில் நுழையாத பெயர் என்று அப்போதே சொன்னேன். "நுழையாம இருக்கறதுக்குத்தானுங்க தாழ்ப்பாள்" என்றார் அண்ணா. அவரோடு பேசி ஜெயிக்க முடியாது.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் பொங்கலுக்கு முன்பே அதே பெங்களூர்க் கம்பெனிக்குப் போய்விட்டார். இதுவும் கை நழுவினால் தீபாவளிக்குள் கடையைச் சாத்த வேண்டியதுதான். அண்ணா அதைச் சொல்லவில்லை. ஷூ சொல்லியது.

மத்தியானம் ஈரோட்டிலிருந்து தங்கை சுகந்தி கூப்பிட்டாள். "அக்கா, நீ என்னதான் வேலை பாக்கறே? இங்க கேக்கறவங்களுக்குச் சொல்லத் தெரியல." நூறாவது தடவையாக விளக்கினேன். பிளாக்செயின் என்பது ஊருக்கே பொதுவான ஒரு கணக்கு. ஆயிரம் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் இருக்கும். எழுதினால் அழிக்க முடியாது. தப்பான இடத்துக்குப் பணம் போனால் போனதுதான், எந்த பேங்க் மேனேஜரிடமும் போய் அழ முடியாது. அதனால் நாங்கள் காக்கும் பணப் பெட்டகம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து சாவி. விரல் நீளத்தில் சின்னக் கருவி, இரண்டு பொத்தான். ஐந்தில் மூன்று பேர் அழுத்தினால்தான் திறக்கும். அந்த ஐந்து பேரை வைத்துக் காப்பது எங்கள் தொழில். முதல் சாவி என்னிடம்.

"அப்ப பூட்டுக் கம்பெனின்னு சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அண்ணா டெண்டருக்காகப் பெரிய பலகையில் எழுதினார்: அவர்களிடம் இல்லாத எது நம்மிடம் இருக்கிறது? கருவி எல்லோரிடமும் ஒன்றுதான். ஆட்கள் அவர்களிடம் அதிகம். விலையும் அவர்கள் குறைவு. கடைசியில் என் விதியைத்தான் எழுதினார். ஐந்து பேர், ஐந்து ஊர், ஐந்து வீடு. சாவி வைத்திருக்கும் இருவர் ஒரே கூரையில் இருக்கக் கூடாது, உறவாக இருக்கக் கூடாது, ஒரே வண்டியில் போகக் கூடாது. எங்கோ ஒரு நாட்டில் கணவனும் மனைவியுமாக இரண்டு சாவி வைத்திருந்தார்கள். திருடன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தான், இரண்டு சாவியோடு வெளியே வந்தான். அதைப் படித்த அன்று நான் எழுதிய விதி. பெங்களூரில் நான்கு சாவிகள் ஒரே கட்டடத்தில் இருப்பதாகக் கேள்வி.

பார்த்துக்கொள்ளலாம். இந்த டெண்டரை விடுவதாக இல்லை.

ஜூன் 5, வியாழன்

வியாழன் ஒப்பம் போடும் நாள். பெட்டகத்தில் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் ஒருவர் வேண்டுகோள் அனுப்பி, முதலில் தன் சாவியை அழுத்துவார். அடுத்தவர் உடனே அழுத்திவிடக் கூடாது. அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டுக் குடைய வேண்டும். என்ன மாற்றுகிறோம், எதற்கு, யார் கேட்டார்கள். பதில் திருப்தி தந்தால்தான் அழுத்த வேண்டும். எங்கள் சென்னை ஆள் வேண்டாவெறுப்பாகக் கேட்பார். ஓசூர்க்காரர் எழுதிவைத்துப் படிப்பார். பினாங்கில் இருக்கும் சுப்பராயன் தூக்கக் கலக்கத்தில் கேட்பார்.

தூத்துக்குடி லூர்துராஜ் சார் மட்டும் ஒழுங்காகக் கேட்பார். "மேடம், இத இன்னைக்கே மாத்தணும்னு யாரு சொல்லுதா? நாளைக்கு மாத்துனா என்ன கெட்டுப் போகும்?" இப்படி ஒருவர் கேட்டால்தான் நமக்கே யோசனை வரும். நல்ல ஆள். மனைவி தவறி நாலு வருடம் ஆகிறது. ஒரு பெண், ஷைனி, நாலாம் வகுப்பு. பின்னாலிருந்து "அப்பா, உப்பளம் படம் வரைஞ்சா வெள்ளைக்கு என்ன கலர் அடிக்க?" என்று கேட்டது. அதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. நான் சொன்னேன், தாளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி நீலம் அடிக்கச் சொல்லுங்க என்று.

பேச்சு நீண்டுவிட்டது. வேலை விஷயம்தான். அடுப்பில் வைத்த கொள்ளுப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். சாரல். காயவில்லை.

லூர்துராஜ் சார் கூப்பிட்டார். சர்வரில் ஒரு சந்தேகம். மெயிலில் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக இருந்திருக்கும், நேரம் மிச்சம். அடுத்த முறை சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. எழுதினால் தணியும் என்று எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரில் வைப்போம். அதை நடத்துவது அஃப்ரின், எங்கள் சோதனைப் பிரிவுத் தலைவி. அவளிடம் சாவி கிடையாது, இருக்கவும் கூடாது. யாருக்கும் தெரியாமல் ஒரு பொய் வேண்டுகோளை உள்ளே விடுவாள். நிஜம் மாதிரியே இருக்கும், ஆனால் பெட்டகத்தின் நகல் ஒன்றில்தான் ஓடும், நஷ்டம் இல்லை. சரியான ஆள் என்றால் போன் போட்டுக் கேட்டு, பதில் இடித்தால் மறுக்க வேண்டும்.

இந்த முறை அஃப்ரின் ஒரு குயுக்தி செய்தாள். "அக்கா, மொதல்ல நீங்க சைன் போடுங்க. சீனியர் போட்டா மத்தவங்க கேக்காம போடறாங்களான்னு பாக்கோணும்." சரி என்று போட்டேன். வேண்டுகோள் கேவலமான பொய். பாதிப் பணத்தைப் பெயர் தெரியாத ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்கிறது. அரை நிமிடம் படித்தால் தெரியும்.

சென்னை கூப்பிட்டார், மறுத்தார். ஓசூர் கூப்பிட்டார், திட்டினார். பினாங்கு தூங்கியது. லூர்துராஜ் கூப்பிடவே இல்லை, அழுத்திவிட்டார்.

ஐந்து பேரில் அதிகம் கேள்வி கேட்கிற மனிதர்! நானே கூப்பிட்டேன்.

"ஏனுங்க சார், என்னத்துக்குப் போட்டீங்க?"

"நீங்க போட்டிருந்திய மேடம். அதான் போட்டேன்."

"நான் போட்டா? நான் போட்டா நீங்க கேக்க மாட்டீங்களா? என்ற கழுத்துல யாராவது கத்திய வெச்சுப் போட வெச்சிருந்தா?"

தணிந்த குரலில், "முந்தி கேப்பேன். இப்ப கொஞ்ச நாளா ஒங்கள என்னால சந்தேகப்பட முடியல மேடம். என்ன செய்யச் சொல்லுதிய" என்றார்.

போனை வைத்துவிட்டேன். சந்தேகப்பட முடியாதவருக்கு எதற்குச் சாவி? சமையலறை முழுவதையும் தேய்த்துக் கழுவினேன். கேஸ் அடுப்பின் அடியில்கூட.

ஜூன் 13, வெள்ளி

சிங்கப்பூர் பரிசோதகர் இருபத்தைந்தாம் தேதி வருகிறாராம். அண்ணா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"வனிதா, அந்த டிரில்லப் பதிவுல இருந்து எடுத்துரலாமுங்களா?"

"முடியாதுங்ண்ணா. டிரில் முடிவ யாரும் அழிக்கக் கூடாதுன்னு நீங்களும்தான் ஒத்துக்கிட்டீங்க."

"சரி, கவனக்குறைவுன்னாவது சொல்லிருவோம். லூர்துவுக்கு மறுபடியும் பயிற்சி குடுத்துட்டோம்னு சொல்லிக்கலாம்."

கவனக்குறைவு இல்லை என்றேன். பின்னே என்ன என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கவனக்குறைவாக இருக்கிற மனிதர் இல்லை அவர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் லூர்துராஜ் சார் கூப்பிட்டார். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வாசலில் நின்று பேசுகிறேன் என்றார். மணியோசை கேட்டது.

"மேடம், சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. நேராச் சொல்லுதேன். ஒங்களுக்குச் சம்மதம்னா நாம கல்யாணம் முடிச்சிக்கிடலாம். ஷைனிகிட்ட கேட்டுட்டேன். நீல கலர் ஆன்ட்டியான்னு கேட்டா. நீங்க மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல."

யோசிக்கணும் என்றேன். வேறென்ன சொல்வது? சாமியும் வேறு, ஊரும் வேறு, எனக்கு முப்பத்தெட்டு வயது. இந்த வயதில் ஒரு மனிதரைப் பழகுவது புது வேலையில் சேருவது மாதிரி. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை, டெண்டர் இருக்கிறது.

பீரோவில் இருந்த எல்லாப் புடவையையும் எடுத்து மறுபடி மடித்தேன். அந்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையை ஏன் இத்தனை நாள் கட்டவே இல்லை என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

லூர்துராஜ் விஷயத்தை நந்தகோபால் அண்ணாவிடமே சொல்லிவிட்டாராம். நேர்மையான ஆள், வேலையில் மறைக்கக் கூடாது என்று. மறைக்கக் கூடாதுதான், ஆனால் நான் இன்னும் பதிலே சொல்லவில்லையே!

அண்ணா முகமெல்லாம் சிரிப்பு. "சந்தோசமுங்க வனிதா. அப்ப உங்க சாவிய யாருக்குக் குடுக்கலாமுங்க?"

"என்ற சாவிய ஏனுங்ண்ணா குடுக்கோணும்?"

"இல்ல, கல்யாணம்னா நீங்கதானுங்க தூத்துக்குடிக்குப் போவீங்க. ரெண்டு சாவி ஒரே வீட்டுல ஆகாதுன்னு உங்க விதிதானுங்க சொல்லுது."

சாயங்காலம் சுகந்தியிடம் சொன்னால் அவளும் அதையே சொல்கிறாள். "விடு அக்கா, இனியாவது ஒரு குடும்பம்னு இருப்பே. சாவி போனா போகுது."

ஒருத்தருக்குக்கூட அவர் கொடுத்தால் என்ன என்று தோன்றவில்லை. அந்த ஐந்து சாவி முறையை ஏழு வருடம் உட்கார்ந்து கட்டியவள் நான். இரண்டாவது வருடம் சம்பளம் வராதபோதும் விட்டுப் போகாதவள். கல்யாணம் என்றதும் என் கையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கொடுக்க மாட்டேன். எழுதியே வைக்கிறேன்: கொடுக்க மாட்டேன்.

லூர்துராஜ் செய்தி அனுப்பியிருந்தார். "சாவிய நா குடுத்துருதேன். டிரில்ல தோத்தவன் நாந்தான. நீங்க அதப் பத்திக் கவலப்படாதிய." அண்ணாவுக்கும் தங்கைக்கும் தோன்றாதது இவருக்குத் தோன்றியிருக்கிறது. பதில் அனுப்பவில்லை. ஆனால் இரண்டு தடவை படித்தேன்.

ஜூன் 19, வியாழன்

பரிசோதனைக்கான ஏற்பாடு, தலைக்கு மேல் வேலை. கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருக்கிறோம், அதைச் சரிசெய்ய ஆள் வரவில்லை. கீழே பேக்கரிக்காரர் ஜெனரேட்டரை வேறு இடத்துக்கு நகர்த்த ஒத்துக்கொண்டார்.

ஒப்பம் மூன்று. சென்னை அனுப்பியதில் ஒரு பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினேன். ஓசூர் அனுப்பியது சரி. லூர்துராஜ் பெயரில் சர்வர் மாற்றம் ஒன்று வந்தது, போட்டேன்.

பஞ்சு வாங்க வேண்டும், விளக்குத்திரிக்கு.

ஜூன் 20, வெள்ளி

காலையில் அஃப்ரின் என் மேசைக்கு வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, கோபப்படக் கூடாது."

"என்னம்மா?"

"நேத்து லூர்து சார் பேர்ல வந்தது அவரு அனுப்புனது இல்லீங்க்கா. நான்தான் அனுப்புனேன். டிரில்."

அந்த வேண்டுகோளைத் திறந்து காட்டினாள். சர்வர் மாற்றம் என்று தலைப்பு. உள்ளே நாலாவது வரியில் பெட்டகத்தின் பூட்டையே வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்கிறது. ஒளித்துக்கூட வைக்கவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் "நா ஒண்ணும் அனுப்பலியே மேடம்" என்று அவர் சொல்லியிருப்பார். நான் போடவில்லை. நேற்று அதே நாளில் சென்னைக்காரரின் சின்னப் பிழையைப் பிடித்தவள் நான்!

"ஏன் எனக்கு வெச்சே?" என்று கேட்டேன்.

"நீங்கதானக்கா சொல்லிக் குடுத்தீங்க. ஒருத்தர் கேக்கறத நிறுத்துனா, இன்னொருத்தரும் நிறுத்திட்டாரான்னு பாரு, அது ஒரு பக்கம் மட்டும் நடக்காதுன்னு."

ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவளைத் திட்ட வாய் வரவில்லை. நல்லா செஞ்சே என்று சொன்னேன். என் குரல் நன்றாக இல்லை. அவள் போய் எனக்கு டீ வாங்கி வந்தாள், அதையும் குடிக்க முடியவில்லை.

அவரிடம் கத்தினேனே, கழுத்தில் கத்தியை வைத்திருந்தால் என்று. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 21, சனி

முடிவு செய்துவிட்டேன். இரண்டு சாவியும் போக வேண்டும்.

கணக்கு எளிது. பெட்டகத்துக்கு மூன்று பேர் வேண்டும். நானும் அவரும் கேள்வி இல்லாமல் ஒருவருக்கு ஒருவர் போடுகிறோம் என்றால் நாங்கள் இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள். திருடனுக்கு இன்னும் ஒரே ஒருவர் போதும். ஒரே வீட்டுக்குப் போன பிறகுதான் ஆபத்து என்று விதி எழுதினேன். வீடு வரைக்கும் போகவே வேண்டியதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அவர் மட்டும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அண்ணா சொல்வார். எண்ணிக்கைக்குச் சரி. ஆனால் அவர் பெயரில் எது வந்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறவள் கையில் முதல் சாவி இருக்கக் கூடாது. யாருக்காகவும் இல்லை, நான் காப்பாற்றுகிற பெட்டகத்துக்காக.

அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு நாள்ல பரிசோதனை. இப்பப் போயி ரெண்டு சாவிய மாத்துனா என்னன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. சொல்லுவோமுங்க."

"டெண்டர் போயிருமுங்க வனிதா. பதினெட்டுப் பேரு சம்பளம்."

"தெரியுமுங்க. நாம விக்கறது என்னங்ண்ணா? கருவியா? அது கடையில கெடைக்குது. நாம விக்கறது எங்கள நம்பலாம்ங்கறது ஒண்ணுதான். அதையே பொய்யா வித்தா, பெங்களூர்க்காரன் கொறஞ்ச விலைக்குக் குடுத்துட்டுப் போறான்."

அண்ணா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெகு நேரம் மழையைப் பார்த்தார். "சரி, மாத்துங்க" என்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லத் தோன்றவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பிறகு தூத்துக்குடிக்குப் போன். இரண்டு சாவியும் போகிறது என்றேன்.

"நா மட்டும் குடுத்தா போதும்லா?"

"போதாதுங்க சார். நானும் தோத்துட்டேன். உங்க பேர்ல வந்தத கேக்காம போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் மெல்லச் சிரிக்கிற சத்தம். "அப்போ நீங்களும்..."

"நான் டிரில் பத்தி மட்டும்தானுங்க பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

இரண்டு பேரை நீக்கி இரண்டு பேரைச் சேர்க்க மீதி மூன்று பேரும் அழுத்த வேண்டும். மூன்று பேரும் கூப்பிட்டார்கள். எதற்கு விலகுகிறீர்கள்? டிரில்லில் தோற்றேன். யார் சொன்னார்கள்? நானே. இன்றைக்கே ஏன்? தெரிந்த பிறகு ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. பினாங்கு சுப்பராயன்கூட முழுத் தூக்கமும் கலைந்து கேட்டார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

என் இடத்துக்கு அஃப்ரின். அவர் இடத்துக்குக் கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் பழைய ஊழியர் ஒருவர். அஃப்ரின் இனி டிரில் நடத்த முடியாது. அதற்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.

பழைய கருவியை அப்படியே குப்பையில் போடக் கூடாது, தூளாக்க வேண்டும். பக்கத்தில் கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்கு நானும் அஃப்ரினும் போனோம். பட்டறைக்காரர் கையில் வாங்கிப் பார்த்து, "இத்தனூண்டு சாமானுக்கா ரெண்டு பேரு ஸ்கூட்டர்ல வந்தீங்க?" என்று சிரித்தார். துளை போட்டார், பிறகு அரைத்தார். வேலை முடிந்ததும் காசு வேண்டாம் என்றார்.

அழுதேன். அஃப்ரின் பார்க்காத மாதிரி மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடம் கழுத்தில் கட்டிக்கொண்டு தூங்கிய சாவி அது. கொடுக்க மாட்டேன் என்று இங்கேயே எழுதியிருக்கிறேன். யாரும் என்னிடமிருந்து வாங்கவில்லை. நானாகக் கொண்டுபோய் அரைத்தேன், அது வேறு.

ஜூன் 25, புதன்

பரிசோதகர் பெயர் புஷ்பவதி. ஐம்பதைத் தாண்டியவர், கிராப் வெட்டிய தலை, அளந்து பேசும் தமிழ். கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு எங்கள் வாளியையும் காட்டினோம். கீழிருந்து தேங்காய் பன் வரவழைத்தோம், விரும்பிச் சாப்பிட்டார். கருவிகளை எல்லாம் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டார். சாவிக்காரர்களைத் திரையில் வரச் சொன்னார். பழையவர், புதியவர் எல்லோரும் வந்தார்கள். லூர்துராஜ் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரே மாசத்துல ரெண்டு பேர் டிரில்ல தோத்திருக்கீங்க" என்றார் புஷ்பவதி. "ரெண்டு பேருமே ரொம்ப அனுபவம் உள்ளவங்க. என்ன காரணம்?"

அண்ணா முந்திக்கொண்டார். "வேலைப்பளுங்க மேடம்."

அவர் அண்ணாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் நான்கைந்து நாளாக ஒத்திகை பார்த்த பதில் ஒன்று இருந்தது, நம்பிக்கைச் சார்பு, நடைமுறைத் தளர்வு என்று நல்ல வார்த்தைகள். அது எதுவும் வரவில்லை. கேட்கிறவருக்கு உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டும், அதுதானே எங்கள் முறை.

"வேலைப்பளு இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படறத விட்டுட்டோமுங்க. கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

அஃப்ரினின் பேனா கீழே விழுந்தது. அண்ணா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். திரையில் லூர்துராஜ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அவருக்குப் பின்னாலிருந்து "அப்பா, ஏம்ப்பா அழுதிய?" என்று ஒரு சின்னக் குரல்.

"இதை எப்ப முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார் புஷ்பவதி.

"இப்பத்தானுங்க."

"அப்ப டிரில்ல தோத்தப்ப?"

"அப்ப எனக்கே தெரியாதுங்க. டிரில்லதான் தெரிஞ்சுது."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தாளைப் புரட்டினார். "பெங்களூர்ல மூணு வருஷமா டிரில் நடத்தறாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட தோக்கல."

அண்ணாவின் தோள் இறங்கியது. எனக்கு எங்கிருந்தோ பழைய கோபம் வந்தது, நல்ல கோபம்.

"மேடம், ஒரு மனுசன்கூட தோக்காத டிரில் எதுக்குங்க? ஆளுங்க மாறுவாங்க. ஒருத்தருக்குக் கடன் வரும், ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தருக்குக் கல்யாணம் வரும். அது நடந்த வாரமே நமக்குத் தெரியோணும். எங்களுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்ச மூணாம் நாள் சாவி தூளாயிருச்சு. எங்ககிட்ட இருக்கறது அது ஒண்ணுதானுங்க. வேணும்னா வாங்கிக்குங்க."

நன்றி என்று சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கினார். கிளம்பும்போது இன்னொரு தேங்காய் பன் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணா என்னிடம் ஐந்து தடவை கேட்டுவிட்டார்.

ஜூன் 26, வியாழன்

ஒப்பம் போடும் நாள். நான் போனில் இல்லை. துணி காயப்போட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

சுகந்தி ஈரோட்டிலிருந்து வந்து ஒரு மூச்சு அழுதாள், ஒரு மூச்சு சண்டை போட்டாள். சாமி, சாதி, ஊர் என்ன சொல்லும் என்று. ஊர் என் வாடகையைக் கட்டவில்லை என்றேன். பிறகு மாம்பழக் கலர் பட்டுப்புடவையை எடுத்துக் காட்டினேன். "இதுக்கு ஜாக்கெட்டே தெக்கலியா?" என்று அதற்கு ஒரு சண்டை. அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

லூர்துராஜ் தினம் செய்தி அனுப்புகிறார். பேச வேண்டாம், டெண்டர் முடிவு வரட்டும் என்று நான்தான் சொன்னேன். தோற்றுவிட்டால் பதினெட்டுப் பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகப் பேச என்னால் முடியாது.

ஜூலை 4, வெள்ளி

மெயில் வந்தது. அண்ணா சத்தமாகப் படித்தார், பாதியில் குரல் போய்விட்டது, மீதியை அஃப்ரின் படித்தாள்.

வேலை எங்களுக்கு.

ஒரு நிபந்தனை, என் முழுப் பெயரைப் போட்டு. டிரில்களை இனி வனிதாமணி நடத்த வேண்டும். எங்கள் எந்தப் பெட்டகத்துக்கும் அவர் இனி ஒருபோதும் சாவி வைத்திருக்கக் கூடாது.

எல்லோரும் கத்தினார்கள். கீழிருந்து பேக்கரிக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தார். நான் 'ஒருபோதும்' என்ற வார்த்தையை இன்னொரு தடவை படித்தேன். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். பிறகு அண்ணா பக்கத்தில் வந்து நின்று, "ஒத்துக்கறீங்களா வனிதா? வேண்டாம்னா நான் எழுதிப் பேசறேனுங்க" என்றார். சாவியை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்ட அதே மனிதர். ஒத்துக்கொள்கிறேன் என்றேன். பொய் வேண்டுகோள்களை இனி நான் எழுதப்போகிறேன். அஃப்ரின் இப்போதே என்னைப் பயத்தோடு பார்க்கிறாள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு நானே கூப்பிட்டேன். அண்ணா ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருக்கிறார். வாழ்த்துச் சொன்னார். நானும் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. இத்தனை நாள் சர்வர் இருந்தது, ஒப்பம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவோம். இப்போது அது எதுவும் இல்லாமல் போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சும்மா நிற்கிறோம். அவர் இருமினார். ஷைனி தூங்கிவிட்டாள் என்றார். மழையா அங்கே என்றார். ஆமாம் என்றேன்.

"சாவி போனதுல வருத்தமா இருக்கியளோ?" என்று கடைசியில் கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன். "ஆனா நல்லா பேசுங்க, பயப்படாம பேசுங்க. நம்ம வீட்டுல இனி திருடறதுக்கு ஒண்ணுமில்லீங்க."